ராட்டினத் திடலில் பிள்ளைகளைப் படம் எடுத்தல்



சம்பளம் போட்ட வாரத்து ஞாயிற்றுக்கிழமை என்றால் நம் பிள்ளைகளுக்கு விடியுமுன்பே விழிப்பு வந்துவிடுகிறது. பக்கத்துப் பட்டணத்துத் திடலில் ராட்டினம் வந்து இறங்கியிருக்கும் செய்தி, பெற்றோர் காதுக்கு எட்டுமுன்பே, பள்ளிப் பேருந்தில் அவர்களுக்கு எட்டிவிட்டது. 'பன் பேர்' என்கிறார்கள் பிள்ளைகள். 'பெஸ்தா' என்கிறார்கள் பெரியவர்கள். எழுத்தில் கேளிக்கைச் சந்தை என்கிறோம். பெயர் எதுவானாலும் உள்ளே இருப்பவை அவைதாம்: குதிரைகள் சுற்றிவரும் குடை ராட்டினம், பெரிய ராட்டினம், தொட்டில்போல் ஆடும் கப்பல், மோதி விளையாடும் சிறு கார்கள், வளையம் எறியும் கடை, பஞ்சு மிட்டாய்.

இந்த மோகம் நேற்று வந்ததன்று. சிங்கப்பூரில் 1923-ஆம் ஆண்டு நியூ வோர்ல்டு திறக்கப்பட்டது. 1931-இல் கிரேட் வோர்ல்டு வந்தது. பினாங்கில் சுங்கை நிபோங் திடலில் ஆண்டுக் கடைசியில் நடந்துவந்த பெஸ்தாவுக்குக் கெடாவிலிருந்தும் பேராக்கிலிருந்தும் லாரி பிடித்துப் போன குடும்பங்கள் உண்டு. பத்துமலைத் தைப்பூசத்திலோ, முருகனைத் தரிசித்து இறங்கிய பிள்ளைக்கு அடுத்த தரிசனம் ராட்டினந்தான். அதை யாரும் மறுப்பதில்லை.

அப்படி ஒரு நாள் போய்வருகிறோம். காடிக்கு எண்ணெய், ராட்டினச் சீட்டு, சாப்பாடு என்று கைக்காசு கரைந்துவிடுகிறது. மிச்சமாக வீட்டுக்கு வருவது என்ன? கைப்பேசியில் எடுத்த படங்கள்தாம். அந்தப் படங்களை எப்படி எடுப்பது, எடுத்ததை எப்படிக் காப்பது என்பதையே இன்று பேசப்போகிறோம்.

இதைப் பேசத் தூண்டியது நம் வகுப்பறையில் நடந்த ஒரு சிறு சம்பவம். முதலாம் ஆண்டுப் பிள்ளைகளிடம், "உங்கள் குடும்பம் வெளியே போன ஒரு படம் கொண்டுவாருங்கள்" என்று சொல்லியிருந்தோம். தோட்டப்பள்ளி வகுப்பு, சின்ன வகுப்பு. ஒரு சிறுமி அப்பாவின் கைப்பேசியையே பையில் வைத்துக் கொண்டுவந்துவிட்டாள். ராட்டினத்துக்குப் போன படங்கள் மட்டும் நூற்றுக்கு மேல் இருந்தன. ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தோம். விளக்குகள் இருந்தன. முதுகுகள் இருந்தன. கோடு கோடாக இழுபட்ட வண்ணங்கள் இருந்தன. பிள்ளையின் முகம் தெரிந்தது இரண்டே படங்களில். அந்த இரண்டிலும் கரி பூசியதுபோல் இருந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டு, "நான் கறுப்பு சார், அதான் தெரியல" என்றாள்.

ஆறு வயதுப் பிள்ளை தன்மேலே பழியைப் போட்டுக்கொண்டது. அன்றைய பாடத்தை நிறுத்திவிட்டு அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே முதலில் சொல்ல வேண்டும்: பிள்ளையின் நிறத்தில் குறை இல்லை, படம் எடுத்த முறையில்தான் குறை.

படக்கருவிக்குத் தன் முன்னால் நிற்பது யார் என்பது தெரியாது. உள்ளே வரும் வெளிச்சத்தை அது அளக்கிறது. அளந்து, மொத்தப் படத்தையும் நடுத்தரமான ஒரு சாம்பல் நிற அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கிறது. நூறு பங்கு வெளிச்சம் பட்டால் ஏறக்குறைய பதினெட்டுப் பங்கைத் திருப்பி அனுப்பும் ஒரு சாம்பல் நிறத்தைத்தான் படக்கலைஞர்கள் இதற்கு அளவுகோலாக வைத்தார்கள். பிள்ளைக்குப் பின்னால் ஆயிரம் விளக்குகள் எரியும்போது கருவி என்ன செய்யும்? "வெளிச்சம் அதிகம்" என்று முடிவுகட்டி, எல்லாவற்றையும் சேர்த்து மங்கலாக்குகிறது. விளக்குகள் அழகாக வருகின்றன. முன்னே நிற்கும் பிள்ளை இருண்டுபோகிறது. நம் பிள்ளை மட்டுமல்ல, வெள்ளைக்காரப் பிள்ளையை நிறுத்தினாலும் முகம் இருளத்தான் செய்யும். நம் நிறத்துக்கு அது இன்னும் ஒரு படி கூடுதலாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

இதில் வரலாற்றின் குற்றமும் கொஞ்சம் உண்டு. வண்ணப்படச் சுருள் காலத்தில், படம் அச்சிடும் நிலையங்களுக்கு மாதிரி அட்டை ஒன்று அனுப்பப்பட்டது. 1950-ஆம் ஆண்டுகள் முதல் புழங்கிய அந்த அட்டையில் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியின் படம் இருக்கும். 'ஷர்லி அட்டை' என்று தொழிலில் பெயர். அவளுடைய தோல் நிறம் சரியாக வந்தால் இயந்திரம் சரியாக இருக்கிறது என்று பொருள். கறுத்த முகங்கள் எப்படி வருகின்றன என்பதை அந்த அட்டை சோதிக்கவே இல்லை. பல நிறத்தவரும் சேர்ந்திருக்கும் அட்டை 1990-ஆம் ஆண்டுகளில்தான் வந்தது. நம் தாய்மார்கள் படம் பிடிக்கப் போகுமுன் பிள்ளையின் முகத்தில் திட்டுத்திட்டாகப் பவுடர் அப்பியதற்குப் பின்னால், நம் சமுதாயத்துக்குள்ளேயே ஊறிக்கிடக்கும் நிற மோகம் இருந்தது உண்மை. கூடவே இப்படி ஓர் இயந்திரத்தின் குறையும் இருந்தது. இன்று பவுடருக்குப் பதில் கைப்பேசியே முகத்தை வெளுப்பாக்கித் தருகிறது. 'அழகூட்டும்' வசதி என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளின் படத்துக்கு அதை அணைத்துவிடுங்கள். இருபது ஆண்டு கழித்து அந்தப் பிள்ளை பார்க்க வேண்டியது தன் முகத்தை.

சரி, என்ன செய்வது? மூன்று வழிகள் சொல்கிறோம், மூன்றும் காசில்லாதவை.

திடலுக்குள் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். அப்பம் பாலிக் சுடும் கடை, சோளம் விற்கும் வண்டி, சீட்டு விற்கும் கூண்டு, இவற்றின் முன்னால் வெள்ளை விளக்கு பளிச்சென்று எரியும். பிள்ளையின் முகத்தை அந்த விளக்குக்கு நேராகத் திருப்பி, நீங்கள் விளக்குக்குப் பக்கத்தில் நின்று எடுங்கள். விளக்கு பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் போகவே கூடாது. அடுத்தது, கைப்பேசித் திரையில் பிள்ளையின் முகம் தெரியும் இடத்தில் விரலால் ஒரு தட்டுத் தட்டுங்கள். "இந்த முகத்துக்கு ஏற்ற வெளிச்சம் வை" என்று கருவிக்கு இடும் கட்டளை அது. பெரும்பாலான கைப்பேசிகளில் அப்போது சிறு சூரியக் குறி ஒன்று தோன்றும். அதை மேலே தள்ளினால் முகம் துலங்கும், கீழே தள்ளினால் அடங்கும். முகத்தை மட்டும் மிக நெருங்கி எடுக்கும்போது கருவி வேறு விதமாக ஏமாறும். கறுத்த முகம் திரை முழுதும் நிறைந்திருப்பதால், "இருட்டு" என்று நினைத்து அளவுக்கு மீறி வெளுப்பாக்கிச் சாம்பல் பூத்ததுபோல் காட்டும். அப்போது சூரியக் குறியைச் சற்றே கீழே இறக்க வேண்டும்.

மூன்றாவது வழி, நேரத்தோடு போவது. தீபகற்பத்தில் மாலை 7 மணியை ஒட்டித்தான் பொழுது சாய்கிறது. ஆறு மணிக்குத் திடலில் இருந்தால் இளவெயில் கிடைக்கும். நடுப்பகல் வெயிலில் எடுத்த படத்தைப் பாருங்கள்: கண்குழி இரண்டும் கறுத்து, பிள்ளை கண்ணை இடுக்கிக்கொண்டு நிற்கும். மாலை வெயில் பக்கவாட்டில் வந்து முகத்தைத் தடவும். பொழுது விழுந்த பிறகும் ஒரு பதினைந்து இருபது நிமிடம் வானத்தில் நீலம் மிச்சமிருக்கும். ராட்டின விளக்குகளையும் போட்டுவிடுவார்கள். இரண்டு வெளிச்சமும் கைகோக்கும் அந்தச் சற்று நேரத்தில் எடுக்கும் படங்களுக்கு ஈடே இல்லை. நம்மவர்கள் எட்டு மணி நாடகம் பார்த்துவிட்டுக் கிளம்புவதால் இந்த நேரம் எப்போதும் தவறிப்போகிறது.

கைப்பேசியில் உள்ள சிறு விளக்கை நம்ப வேண்டாம். இரண்டு மூன்று மீட்டருக்கு மேல் அதன் வெளிச்சம் பயன்படாது. ராட்டினத்தின் உச்சியில் இருக்கும் பிள்ளைக்கு இங்கிருந்து அதை அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறோம். முன்னால் நிற்பவர் பிடரிதான் பளிச்சென்று வரும். இன்னொன்று, படம் எடுக்குமுன் கண்ணாடி வில்லையைச் சட்டை நுனியால் துடைத்துக்கொள்ளுங்கள். வடை தின்ற விரல் பட்ட வில்லையில் எல்லா விளக்கும் மஞ்சள் மூட்டமாகத்தான் தெரியும்.

இனி ராட்டினத்துக்கு வருவோம். படம் ஏன் இழுபடுகிறது?

கணக்காகவே பார்த்துவிடலாம்; வாத்தியார் வேலை நம்மை விடாது. ஒரு குடை ராட்டினத்தில் நடுக்கம்பத்திலிருந்து குதிரை 3 மீட்டர் தள்ளி நிற்கிறது என்று கொள்வோம். சுற்றளவு ஏறக்குறைய 19 மீட்டர். 12 விநாடிக்கு ஒரு சுற்று என்றால், குதிரையில் இருக்கும் பிள்ளை விநாடிக்கு ஒன்றரை மீட்டருக்கு மேல் நகர்கிறது. இரவில் வெளிச்சம் போதாததால், கருவி தன் கதவை ஒரு விநாடியில் முப்பதில் ஒரு பங்கு நேரமாவது திறந்துவைக்கிறது. அந்த இமைப்பொழுதுக்குள் பிள்ளை 5 சென்டிமீட்டர் போய்விடும். முகத்தில் மூக்குக்கும் காதுக்கும் இடையே எவ்வளவு தூரம்? அவ்வளவு தூரமும் இழுபட்டால் முகம் எப்படித் தெரியும்? பகல் வெளிச்சத்தில் அதே கதவு 250-இல் ஒரு பங்கு விநாடி திறந்தால் போதும். நகர்வு 6 மில்லிமீட்டராகக் குறைந்துவிடுகிறது. ஓடும் பிள்ளையை எடுக்கப் பகலே நல்லது என்பதன் காரணம் இதுதான்.

இரவிலும் வழி உண்டு. ராட்டினத்தோடு சேர்ந்து நாமும் திரும்ப வேண்டும். வேலிக்கு வெளியே கால்களை ஊன்றி, முழங்கைகளை விலாவோடு ஒட்டிவைத்து, பிள்ளை இடப்பக்கம் வரும்போதே கைப்பேசியால் பின்தொடர்ந்து, இடுப்பைத் திருப்பிக்கொண்டே வந்து, நேர் எதிரே வரும்போது அழுத்துங்கள். அழுத்திய பிறகும் திரும்புவதை நிறுத்த வேண்டாம். பிள்ளையும் குதிரையும் ஓரளவு தெளிவாக நிற்க, பின்னாலுள்ள விளக்குகள் ஓடும் ஆறுபோல் கோடாகும். முதல் ஐந்தாறு படம் பாழாகும். ராட்டினம் பத்துச் சுற்றுச் சுற்றுகிறது, பிறகென்ன?

ஆடும் கப்பலுக்கு வேறு சூட்சுமம். ஏணை ஆட்டிய தாய்மார்களுக்கு இது தெரிந்ததே: ஏணை நடுவில் வரும்போதுதான் வேகம். இரு கோடிக்கும் போய்த் திரும்பும் இடத்தில் ஒரு கணம் அசையாமல் நிற்கும். கப்பலும் அப்படியே. கோடியில் நிற்கும் அந்தக் கணத்தை எதிர்பார்த்துச் சற்று முன்னதாகவே அழுத்துங்கள். கைப்பேசி நம் விரலுக்குப் பின்தங்கிச் செயல்படக்கூடியது. பெரிய ராட்டினத்தில் உச்சிக்குப் போன பிள்ளையை எடுப்பதால் பயனில்லை, புள்ளியாகத்தான் தெரியும். 1893-ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிகாகோ நகரக் கண்காட்சியில் பெர்ரிஸ் என்ற பொறியியலாளர் நிறுவிய முதல் பெரிய ராட்டினம் ஏறக்குறைய 80 மீட்டர் உயரம். நம் திடலுக்கு வருவது அதில் கால்வாசிகூட இராது. ஆனாலும் தூரம் தூரந்தான். ஆட்களை ஏற்றி இறக்கும்போது கீழே பெட்டி நிற்கும் அல்லவா? அப்போது எடுங்கள். ஏறியிருக்கும் பிள்ளையின் முகத்தில் பயமும் சிரிப்பும் கலந்து வருவது அந்த நேரத்தில்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இதை அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. ஓடும் ராட்டினத்தில் இருக்கும் பிள்ளையைப் பார்த்து, "இங்கே பாரு, கையைக் காட்டு!" என்று கத்தாதீர்கள். அப்பா சொன்னால் பிள்ளை கேட்கும். கம்பியைப் பிடித்த கையை விட்டுவிட்டுத் திரும்பும். நாம் நேரில் பார்த்த ஒரு நாளில், ஐந்து வயதுப் பையன் ஒருவன் அப்படிக் கையை விட்டுக் குதிரையிலிருந்து பக்கவாட்டில் சரிந்தான். அருகே நின்றிருந்த ஒரு சீனப் பாட்டி எட்டி அவன் கால்சட்டையைப் பற்றியிராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது. படம் எடுத்த தந்தைக்கு அது தெரியவே தெரியாது. அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னப் பிள்ளையாக இருந்தால் ஒருவர் கூடவே ஏறிப் பிடித்துக்கொள்ள, மற்றவர் எடுக்கட்டும். கூட ஏற ஆள் இல்லையென்றால் அந்தப் படம் வேண்டாம்.

நின்ற நிலையில் எடுக்கும் படங்களில் பெரியவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. நம் உயரத்திலிருந்தே எடுக்கிறோம். தலை பெரிதாகவும் கால் சூம்பியும் வரும். பிள்ளையின் கண் எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்துக்குக் குத்தவைத்து உட்கார்ந்துவிடுங்கள். பத்துமலைக்குப் போகிறவர்கள் இன்னொரு தவறும் செய்கிறார்கள். 2006-ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்ட முருகன் சிலை 42.7 மீட்டர் உயரம். அது முழுதும் வர வேண்டுமென்று பிள்ளையைச் சிலையின் பாதத்தில் நிறுத்திவிட்டு, படம் எடுப்பவர் பின்னாலேயே போய்க்கொண்டிருப்பார். சிலை வரும், பிள்ளை எறும்பாகிவிடும். பிள்ளையையும் கூடவே அழைத்துக்கொண்டு பின்னால் போக வேண்டும். தூரத்தில் சிலை, நம்மிடமிருந்து இரண்டு எட்டில் பிள்ளை, கைப்பேசியைத் தாழ்வாகப் பிடித்துச் சற்றே மேல்நோக்கி எடுத்தால் இருவரும் வந்துவிடுவார்கள். பெரிய ராட்டினத்தின் முன்னால் எடுப்பதற்கும் இதே வழிதான்.

இன்னும் ஒரு செய்தி இருக்கிறது. அதைச் சொல்லச் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும்.

1839-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் டாகர் என்பவரின் படமுறை உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது, ஒரு படத்துக்குச் சில நிமிடங்கள் அசையாமல் இருக்க வேண்டியிருந்தது. பிறகு அது விநாடிக் கணக்குக்குக் குறைந்தது. அதுகூடக் கைக்குழந்தைக்கு ஆகுமா? அதனால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் படநிலையக்காரர்கள் ஒரு வழி கண்டார்கள். தாயை நாற்காலியில் உட்காரவைத்து, அவள்மேல் கம்பளத்தையோ திரைச்சீலையையோ போர்த்திவிடுவார்கள். அவள் மடியில் குழந்தை இருக்கும். அவள் பிடித்துக்கொண்டிருப்பதால் குழந்தை அசையாது. படத்தில் பார்த்தால் துணி போர்த்திய நாற்காலியில் குழந்தை தனியாக உட்கார்ந்திருப்பதுபோல் தோன்றும். கூர்ந்து பார்த்தால் துணிக்கடியில் ஒரு தோள், மடிப்புக்கிடையில் ஒரு கை தெரியும். அப்படிப்பட்ட பழைய படங்கள் இன்றும் பல உள்ளன.

எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு படம் உண்டு. நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்த 1980-ஆம் ஆண்டுகளில் தோட்டத்தில் படக்கருவி வைத்திருந்தவர் கிராணி ஒருவர்தான். தைப்பூசத்துக்குப் போகும்போது தந்தையார் அதை இரவல் வாங்கிக்கொண்டார். 24 படச் சுருள். தைப்பூசத்துக்குச் சில, பள்ளி விளையாட்டுப் போட்டிக்குச் சில, தீபாவளிக்குச் சில என்று அந்த ஒரு சுருளை ஆண்டு முழுதும் ஓட்ட வேண்டும். குடை ராட்டினத்தில் நானும் தம்பியும் ஒரே குதிரையில் இருக்கும் படம் அதில் ஒன்று. தம்பிக்கு அப்போது மூன்று வயது. படத்தின் இடது ஓரத்தில் கண்ணாடி வளையல் போட்ட ஒரு கை மட்டும் தெரிகிறது. அது தம்பியின் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருக்கிறது.

அந்தக் கை எங்கள் தாயாருடையது. வெயிலுக்கு முன்னால் பால் வெட்டப் போய்த் திரும்பி, சோறு கட்டி, எங்களைக் குளிப்பாட்டி, தண்ணீர்ப் புட்டியும் செருப்பும் சுமந்து வந்தவர். வீட்டில் உள்ள எந்தத் திடல் படத்திலும் அவர் முகம் இல்லை. பையைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றிருப்பார். அவர் காலமானபோது, மாலை போட்டு வைக்க ஒரு படம் தேடினோம். அலமாரியைக் கொட்டிப் பார்த்தோம். கடைசியில் அடையாள அட்டையில் இருந்த நகக்கண் அளவு படத்தைப் பட்டணத்தில் கொடுத்துப் பெரிதாக்கினார்கள். அந்தப் படத்தில் அவர் சிரிக்கவில்லை. வீட்டில் ஓயாமல் சிரித்துக்கொண்டிருந்தவர். இன்று கூடத்தில் இருப்பது அந்தப் படந்தான். தம்பியின் பிள்ளைகள் அதைப் பார்த்து, "பாட்டி கோபக்காரங்களா?" என்று கேட்கிறார்கள்.

ஆகவே தந்தைமார்களே, கைப்பேசியை மனைவியிடம் கொடுத்து உங்களை எடுக்கச் சொல்வதோடு நிற்காமல், அவர் கையிலிருக்கும் பையை வாங்கி நீங்கள் மாட்டிக்கொண்டு அவரையும் பிள்ளைகளோடு எடுங்கள். "நான் எதுக்கு, சேலை கசங்கிக் கிடக்கு" என்பார். கசங்கிய சேலையோடுதான் எடுக்க வேண்டும். பாட்டி வந்திருந்தால் அவரையும் குதிரைக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். பெரிய பையன் இருந்தால் அவன் கையில் ஒரு பத்து நிமிடம் கருவியைக் கொடுத்துப் பாருங்கள். பிள்ளைகளின் உயரத்திலிருந்து அவர்கள் எடுப்பதில் அம்மாவின் முகம்தான் அதிகம் இருக்கும்.

திடலுக்குள் நுழையுமுன் வாசலிலேயே எடுக்க வேண்டிய படம் ஒன்று உண்டு. அழகுக்காக அன்று. பிள்ளை ஒவ்வொன்றையும் தலை முதல் கால் வரை, நேராக நிற்கவைத்து, அன்று போட்டிருக்கும் சட்டை, செருப்பு எல்லாம் தெரிய ஒரு படம் எடுத்துவிடுங்கள். கூட்டத்தில் பிள்ளை கைநழுவினால் பெற்றவர் பதற்றத்தில் சட்டையின் நிறத்தைக்கூட மறந்துவிடுவார். நீலம் என்பார், பச்சையாக இருக்கும். 2003-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் வழங்கப்பட்ட மைகிட் அட்டை பிள்ளையின் முகப்படம் இல்லாமலேயே வந்தது; அதைக் காட்டி யாரிடமும் பிள்ளையைத் தேடச் சொல்ல முடியாது. அன்றைய படம் கையில் இருந்தால் ஒலிபெருக்கிக்காரரிடமும், காவலரிடமும், பக்கத்துக் கடைக்காரரிடமும் காட்டலாம். மொழி தெரியாதவருக்கும் புரியும். பிள்ளைக்கு நம் கைப்பேசி எண்ணை மனப்பாடம் செய்விப்பதும், தவறினால் எந்த ராட்டினத்துக்கு அடியில் வந்து நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே காட்டிவைப்பதும் இதோடு சேர்ந்தவை.

எடுத்த படங்களை உடனுக்குடன் முகநூலில் போடும் வழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிள்ளையின் முழுப்பெயர், பள்ளிச் சின்னம், இப்போது எந்தத் திடலில் நிற்கிறோம் என்ற விவரம், இம்மூன்றும் ஒரே படத்தில் சேர்ந்தால் அறிமுகமில்லாத ஒருவன் அந்தப் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியும். வீடு வந்த பிறகு, உறவினருக்கு மட்டும் அனுப்பினால் என்ன குறைந்துவிடப்போகிறது? உடை மாற்றும்போதும் குளிக்கும்போதும் எடுத்த சின்னப்பிள்ளைப் படங்களை யாருக்குமே அனுப்ப வேண்டாம். சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கென்றே 2017-ஆம் ஆண்டு நம் நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றியது. தகாத நோக்கத்தோடு பிள்ளைகளின் படத்தைத் தேடுகிறவர்கள் இருப்பதால்தான் அதில் படங்களைப் பற்றியும் பிரிவுகள் வைக்க நேர்ந்தது. மற்றவர் பிள்ளை நம் படத்தில் விழுந்திருந்தால், அதைப் பரப்புமுன் அந்தத் தாயிடம் ஒரு வார்த்தை கேட்பதும் நாகரிகம்.

கடைசியாக, பாதுகாப்பு. அன்று படம் கொண்டுவராத பையன் ஒருவனும் நம் வகுப்பில் இருந்தான். "போன் வாய்க்கால்ல விழுந்துருச்சி சார்" என்றான். மூன்று ஆண்டுப் படங்கள் அதில் இருந்தன. தங்கை பிறந்ததிலிருந்து எல்லாம். செம்பனைக் காட்டில் வேலை செய்பவர் சட்டைப் பையில் கிடக்கும் கைப்பேசிக்கு ஆயுள் எவ்வளவு என்று நமக்குத் தெரியாதா? ஒரே இடத்தில் இருக்கும் படம் இல்லாத படத்துக்குச் சமம். நினைவு அட்டையிலோ, மூத்த பிள்ளையின் கைப்பேசியிலோ, இணையச் சேமிப்பிலோ இன்னொரு படி இருக்கட்டும். வாட்சாப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கிப்போகும். கோப்பாக அனுப்பினால் உள்ளது உள்ளபடி போகும்.

எல்லாவற்றிலும் நல்லது, ஆண்டுக்குப் பத்துப் படமாவது தாளில் அச்சிட்டு வைப்பது. நான்குக்கு ஆறு அங்குல அளவுப் படத்துக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்று நேர்த்தியாக அச்சிட்டாலும், தேவைப்படுபவை 1200-க்கு 1800 புள்ளிகள்தாம். மொத்தம் ஏறக்குறைய 22 இலட்சம். பழைய கைப்பேசிகூட அதற்குமேல் எடுக்கிறது. பசை தடவிய அட்டையில் ஒட்டி மேலே நெகிழித்தாள் போர்த்தும் பழைய ஆல்பங்களில் வைத்திருப்பவர்கள், அந்தப் பசை காலப்போக்கில் படத்தைப் பழுப்பாக்கும் என்பதை நினைவில் கொண்டு, உரிந்துவரும் படங்களை மட்டும் மெல்ல எடுத்து உறைகளுக்கு மாற்றுங்கள். உரியாதவற்றைப் பிய்க்காமல் அப்படியே கைப்பேசியால் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டு ஈரத்தில் பூஞ்சை பிடிக்காதிருக்க, சுவரை ஒட்டாத அலமாரியில், மேல் தட்டில் வைக்க வேண்டும்.

அச்சிட்ட படத்தின் பின்புறம், ஓரமாக, மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். தாள் வழுக்கினால் உறையின்மேல் எழுதலாம். நாள், இடம், யார் யார் என்பது போதும். எங்கள் படத்தின் பின்னால் தந்தையார் எழுதியிருப்பது தைப்பூசம் என்ற சொல்லும் எங்கள் இருவர் பெயரும்தாம். சென்ற ஆண்டு தம்பி அதற்குக் கீழே தாயாரின் பெயரையும் எழுதிச் சேர்த்திருக்கிறான். இடது ஓரம், கை என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறான்.